போல்ட் போடாத கொட்டகை

ஒரு ஆணிகூட நேராக அடிக்கத் தெரியாதவன்தான் கட்டடம் கட்டுவதைப் பற்றி அதிகம் பேசுவான். நான் நிறையப் பேசினேன்.

ஐம்பதுகளில் பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். (மிஷின் பக்கம் போனால் மெக்கானிக் விரட்டுவார்.) கூரை வீட்டை இடித்துவிட்டுக் கல் வீடு கட்டுவதாக இருந்தோம். மேஸ்திரி எதற்கு, நானே கட்டுகிறேன் என்றேன். என் மனைவி கமலா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மொதல்ல தோட்டத்துல மம்பட்டி, கூடை வைக்க ஒரு கொட்டா போடுங்க. அது நின்னா ஊட்டையும் நீங்களே கட்டுங்க.”

எனக்குத் தெரிந்த ஒரே அஸ்திவாரம், மில் எஞ்சின் உட்கார்ந்திருந்த காங்கிரீட் மேடை. அதே ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டினேன். மேடை இறுகுவதற்காகச் சுற்றிலும் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். பக்கத்து வயல்காரர் முனுசாமி எட்டிப் பார்த்தார்.

“இன்னா கணக்குப்பிள்ளே, நாத்து நடப் போறீங்களா?”

(தொழில் தெரியாதவர் என்று மன்னித்தேன்.)

மேடை காய்ந்ததும் அதன்மேல் நான்கு சவுக்குக் கால்களை நிறுத்தி, குறுக்கே கழி கட்டி, தகரம் போட்டேன். மில்லுக்கு நெல் அரைக்க வந்தபோது எஞ்சினைப் பார்த்திருந்த கமலாவுக்கு ஒரு சந்தேகம்.

“இன்னாங்க, எஞ்சினுக்கு அடியில போல்ட்டு போட்டு இறுக்கிக்கீறாங்களே, இதுக்கு வாணாமா?”

“எஞ்சின் ஆடும். கொட்டா ஆடுமா?” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. விடிந்ததும் வாசலில் முனுசாமி.

“உங்க கொட்டா எங்க வயல்ல வந்து குந்திக்கினு கீதுங்க. இட்டுக்கினு போறீங்களா, அங்கியே இருக்கட்டுமா?”

ஓடிப் போய்ப் பார்த்தேன். தகரம்கூடக் கழலவில்லை. என் காங்கிரீட்டில் நின்றதைவிட அவர் சேற்றில் உறுதியாகவே நின்றது. மேடையிலோ ஒரு கீறல் இல்லை.

வீட்டை மேஸ்திரிதான் கட்டினார். “இவர சிமெண்டாண்ட மட்டும் விடாதீங்க” என்பதுதான் கமலா அவருக்குப் போட்ட ஒரே நிபந்தனை. கல் வீட்டுக்குத் தோட்டத்திலும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது; மேஸ்திரி மேடையைப் பெயர்க்கப் பார்த்தார், கடப்பாறைதான் வளைந்தது. அதனால் எங்கள் வீடு இன்றும் ஒரு பக்கமாக ஒதுங்கியே நிற்கிறது. மேடையில் மிளகாய் காய்கிறது.

வருஷங்கள் கழித்து மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பையன் எப்படி என்று பெண்ணின் தாயார் கேட்டார்.

“அவங்க அப்பா மாதிரி இல்லீங்க,” என்றாள் கமலா. “போல்ட்டு போட்ட புள்ள.”

அவர்களுக்குப் புரியவில்லை. காபி வர நேரம் இருந்ததால், முதலிலிருந்து சொன்னாள்.