குழாய் காத்திருக்கட்டும், மாமி

பொங்கோல்

மதிப்பிற்குரிய அஹமது கபீர் பாய் அவர்களுக்கு, காதர் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். செம்பவாங்கில் உங்கள் வீட்டாரும், முக்கியமாகச் சமையலறைக் குழாயும், சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை. உரிமை உண்டா என்று தெரியாததால் பாய் என்றே நிறுத்திக்கொள்கிறேன்.

வினை லிட்டில் இந்தியா டீக்கடையில் ஆரம்பித்தது. "பொண்ணு என்ன வேல பாக்குது?" என்று கேட்டீர்கள். என் மகள் ஹஸீனா பார்ப்பது ராணுவத்தில் கம்ப்யூட்டர் காவல். உலகத்துப் படைகளிலெல்லாம் முதலில் ஒவ்வொரு பிரிவும் தன் கம்ப்யூட்டரைத் தானே பார்த்துக்கொண்டதாம். ஒரு பிரிவில் திருடன் புகுந்தால் அடுத்த பிரிவுக்குத் தெரியாதாம். அதனால்தான் இதற்கென்றே தனிக்காவல் பிறந்ததாம். மென்பொருளில் ஆயிரம் ஓட்டை இருக்கும், எதை முதலில் அடைப்பது என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். இதையெல்லாம் டீ ஆறுவதற்குள் எப்படிச் சொல்வது? "பட்டாளத்துல ஓட்டை அடைக்கிறா லா" என்றேன். நீங்களும் அப்படியே வீட்டில் சொல்லிவிட்டீர்கள்.

விருந்துக்கு நாங்கள் வந்த இடத்தில் உங்கள் வீட்டுக்காரம்மா என் மகள் கையில் ஸ்பானரைக் கொடுத்து, "குழாய் ஒழுகுது, அடைச்சிட்டு வாம்மா, பிரியாணி ரெடி" என்றார்கள். இவளாவது சும்மா இருந்தாளா? வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குழாய் காத்திருக்கட்டும் மாமி. திருடன் எதுல வருவானோ அதைத்தான் முதல்ல அடைக்கணும். வைஃபை பாஸ்வேர்டை வாசக்கதவுல ஒட்டியிருக்கீங்களே!" என்று அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மாமி தன் கையால் எழுதி, பூ வரைந்து, லேமினேட் செய்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் என் தட்டுக்கு வந்தது வெறும் சோறு. உங்கள் மகன் அஃப்னான்தான் சிரித்துக்கொண்டே ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளினார்.

அந்தத் துண்டை நம்பித்தான் எழுதுகிறேன், பாய். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. ஹஸீனாவுக்கும்தான், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒரு குழாயால் இது கெட்டுப்போனால் என்னால் தாங்க முடியாது. ப்ளம்பரை நானே அனுப்புகிறேன். பாஸ்வேர்டையும் மறுபடி எழுதித் தருகிறேன், பூவைப் பெரிதாகவே போட்டு.

உங்கள் இல்லத்தில் பரக்கத் பெருகட்டும். அங்கிருந்து நல்ல சொல் வரட்டும்.

அன்புடன்,
காதர் மைதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் போனிலிருந்து, "எங்களுக்குச் சம்மதம், அழைப்பிதழைப் பார்க்க இங்கே அழுத்தவும்" என்று செய்தி வந்தது. சந்தோஷத்தில் அழுத்திவிட்டேன். இப்போது என் போனிலிருந்து ஊர் முழுக்க அதே அழைப்பு போகிறது. சாங்கி நண்பர்கள் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். உங்கள் போனுக்குள் எவனோ புகுந்துவிட்டானாம். "இனிமே முதல் ஓட்டை நீங்கதான் வாப்பா" என்கிறாள் ஹஸீனா. ஆகவே, சம்மதம் சொன்னது நீங்களா, திருடனா என்று தபாலிலேயே தெரிவிக்கவும். திருடன்தான் என்றால், அவன் சொன்னதையே தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடுங்கள்.