முனியப்பனுக்கு முட்டை வேகவில்லை

நான் குடியை விட்டேன். முனியப்பன் குடிக்க ஆரம்பித்தார். நடந்த தப்பு அவ்வளவுதான்.

விவரமாகச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். நடுவில் யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

ஐம்பது தாண்டியதும் என் ஈரல் வீங்கியது. தர்மபுரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இனி என்னிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து என் மனைவி நஞ்சம்மாளைப் பார்த்தார்.

"இப்படியே குடிச்சா அடுத்த மாம்பழ சீசனைப் பார்க்க மாட்டாரும்மா."

நஞ்சம்மாள் அழவில்லை.

"இவரைத் தூக்க நாலு பேரு பத்தாதுங்க டாக்டர். ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் பெங்களூரு போயிட்டாங்க. இப்ப சாவக்கூடாது."

மாத்திரை வாங்க விடவில்லை. நேராகப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ். அங்கிருந்து உள்ளே ஒரு முனியப்பன் கோயில். குடிகாரர்களுக்குக் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எனக்குக் கடையில் பழக்கம். ஒருத்தரையொருத்தர் தெரியாத மாதிரி நின்றோம்.

"இனிமே வாங்கிக் குடிக்க மாட்டேன்னு சொல்லு," என்றார் பூசாரி.

சொன்னேன்.

"மீறினா முனி பாத்துக்கும்."

"எப்படிப் பாத்துக்கும்?"

பூசாரி வாயை ஒரு பக்கமாகக் கோணிக் காட்டினார். கயிற்றை என் மணிக்கட்டில் இறுக்கி முடிந்தார்.

குடியை விட்டால் உடம்பு தேறும் என்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. டீ கிளாஸ் தாளம் போட்டது. தூக்கம் போனது. ஜிலேபி மேல் ஆசை வந்தது. தேறியது காது ஒன்றுதான். நஞ்சம்மாள் பேசுவது முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. முப்பது வருஷமாக இவ்வளவா பேசியிருக்கிறாள்?

"ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"நடுங்குது."

"குடிச்சப்ப ஆடுனீங்க. இப்ப நடுங்கறீங்க. கொறஞ்சிருக்குது இல்ல?"



வீட்டில் இன்னொருத்தரும் உண்டு. மாமியார். மாமனார் போனபிறகு பின்கட்டு அறைக்கு வந்தார். மருமகன் எதிரில் வரமாட்டார். மருமகன் காதில் மாமியார் குரல் விழுந்தால் மருமகனுக்கு ஆயுசு குறையும் என்பது அவர் பிறந்த வீட்டுக் கணக்கு. நான் உள்ளே நுழைந்தால் கதவுக்குப் பின்னால் ஒரு சேலை நுனி மறையும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது அந்த நுனியைத்தான். நல்ல மாமியார். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது.

சரி. கை நடுங்கினாலும் மூளை நடுங்கவில்லை. ஒரு யோசனை வந்தது.

எங்கள் மரவள்ளிக் காட்டு மூலையில் ஒரு புளியமரம். அதன் அடியில் எங்கள் வீட்டு முனியப்பன். மூன்று கல், ஒரு வேல். எங்கப்பா இருந்தவரை அமாவாசை உச்சிப் பொழுதில் படையல் வைப்பார். ஒரு குவார்ட்டர், இரண்டு முட்டை, ஒரு சுருட்டு. அவரோடு அது நின்றுபோனது. பூசாரி என்ன சொன்னார்? வாங்கிக் குடிக்காதே என்றார். சாமிக்கு வாங்கி, சாமி மீதி வைத்தால்? அது பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம் என்றால் பாவம். கல் எங்கே குடிக்கப் போகிறது? முழுக் குவார்ட்டரும் மீதிதான்.

நஞ்சம்மாளிடம் சொன்னேன். படையல் வரைக்கும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"நல்ல காரியங்க," என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"ஆனா மொறை தெரியுமில்ல? படையல வச்சா திரும்பிப் பாக்காம போவணும். கெணத்துல தலை முழுவிட்டு ஈரத்துணியோட வரணும். அதுக்குள்ள சாமி வந்து உண்டுட்டுப் போவும்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"சாமிக்கு என்னங்க அவசரம்?"

கடைக்காரன் என் கயிற்றைப் பார்த்தான். "எனக்கில்ல, சாமிக்கு," என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றான். நாட்டில் பக்தி பெருகிவிட்டது.

அமாவாசை. உச்சிப் பொழுது. காட்டில் ஒரு காக்கைகூட இல்லை. மரவள்ளி இலை ஒன்றும் அசையவில்லை. புளியமரத்து நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. வத்தல்மலை வெயிலில் வெளிறிப்போய், மூச்சை அடக்கிக்கொண்டு யாரையோ பார்ப்பதுபோல் நின்றது. படையலை வைத்தேன். சுருட்டைப் பற்றவைத்தேன். சூடம் காட்டினேன். காற்றே இல்லாமல் சூடம் அணைந்தது.

திரும்பிப் பார்க்காமல் கிணற்றுக்கு நடந்தேன். முதுகில் ஏதோ ஊர்ந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். முழுகினேன். பிரசாதத்தை நினைத்து நாக்கில் நீர் ஊற, ஈரத்துணியோடு வந்தேன்.

பாட்டில் காலி.

கவிழவில்லை. உடையவில்லை. மூடி திருகி, பாட்டில் நிமிர்ந்து நின்றது. முட்டை ஓடுகள் ஓரமாகக் குவிந்திருந்தன. சுருட்டு பாதி குறைந்திருந்தது. கல்லின் மேல் வைத்திருந்தது. இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

கயிறு மணிக்கட்டில் ஒரு சுற்று இறுகியதுபோல் இருந்தது.

பக்கத்துக் காட்டுக்காரன் மாதுவைப் பிடித்தேன்.

"டேய், எங்க காட்டுப் பக்கம் வந்தியா?"

"உச்சி நேரத்துல அங்கியா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்கண்ணா."

"கொரங்கு வந்துச்சா?"

"கொரங்கு மூடிய திருவி வெக்குமா? முட்ட ஓட்டக் குமிச்சு வெக்குமா?" என்றவன் ஓரடி தள்ளி நின்றான். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கயித்த என்மேல படாம வெச்சுக்கங்க."

அடுத்த அமாவாசைக்கு அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கல்லைச் சுற்றித் தூவினேன். எவனாயிருந்தாலும் கால் தடம் விழும் அல்லவா?

விழுந்தது. ஒரு கால்தான் விழுந்தது. அகலமான பாதம், விரல் விரிந்த பாதம். மற்றக் கால் இருக்க வேண்டிய இடத்தில் தரையோடு இழுத்த நீளக்கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு எட்டு வைப்புக்கும் ஒரு குழி, கம்பு ஊன்றியதுபோல். பாட்டில் காலி.

வீட்டுக்கு ஓடினேன். நஞ்சம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தக் கால் தடம். பக்கத்துல சங்கிலி இழுத்த மாதிரி கோடு. வேல் ஊனுன குழி."

"முனிக்குக் கால்ல சங்கிலி உண்டுன்னு சொல்லுவாங்க," என்றாள். துடுப்பு நிற்கவில்லை. "கோடு எந்தப் பக்கமாங்க போவுது?"

"நம்ம வூட்டுப் பக்கம்."

துடுப்பு நின்றது.

"அத யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் மெதுவாக. "பின்னாடி அம்மா தூங்கறாங்க. பயந்துக்குவாங்க."

வேறு ஒருவன் என்றால் அத்தோடு நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. நாக்கு கேட்கவில்லை. மூன்றாம் அமாவாசைக்குக் கிணற்றுக்குப் போகவில்லை. படையலை வைத்துவிட்டு மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து குந்திக்கொண்டேன். சாமி வந்தால் பார்ப்போம். வராவிட்டால் குடிப்போம்.

வெயில் கொதித்தது. எறும்பு ஊரும் சத்தம்கூடக் கேட்கும்போல் இருந்தது. பிறகு அது வந்தது.

சர்ர்ர்... டொக்.

சர்ர்ர்... டொக்.

கறுப்புக் கம்பளி ஒன்று நடந்து வந்தது. தலை முதல் தரை வரை கம்பளி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்ளும் மனுஷப் பிறவி உண்டா? கண்ணை மூடிக்கொண்டேன். மூடி திருகும் சத்தம் கேட்டது. முட்டை தட்டும் சத்தம் கேட்டது. சுருட்டுப் புகை மரவள்ளிக்குள் நுழைந்து என் மூக்கைத் தேடிக்கொண்டு வந்தது.

"மாயவா."

என் பெயர்தான். கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. என் ஆயுசில் கேட்டிராத குரல்.

"மாயவா... முட்ட வேவல."

"தப்புதாங்க சாமி."

"கயிறு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அத அறுத்தீன்னா வூட்டுக்கே வருவேன்."

ஓடினேன். வேலிமுள் வேட்டியைக் கிழித்தது. ஒரு செருப்பு காட்டிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் விழுந்தவனுக்குக் காய்ச்சல் அடித்தது. சாயங்காலம் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

விட்டுவந்த செருப்பு வாசல்படியில் இருந்தது. வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நீ எடுத்தாந்தியா?" என்றேன். வாய் குழறியது.

"நானா? நான் இப்பத்தாங்க பாப்பாரப்பட்டி சந்தையில இருந்து வரேன்," என்றாள் நஞ்சம்மாள். தக்காளிக் கூடை இன்னும் இடுப்பில் இருந்தது.

அன்றோடு ஆசை செத்தது. கடைப்பக்கம் போனால் வாடை வரும். வாடையோடு சேர்ந்து 'முட்ட வேவல' என்று வரும். படையலை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டுக்கு வந்துவிட்டால்? அமாவாசை தவறாமல் வைத்தேன். முட்டையைக் கல்லாகும்வரை வேகவைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போனேன். வாய் கோணாமல் இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்த்தேன்.

மாம்பழ சீசன் வந்தது. தின்றேன். டீ கிளாஸ் தாளம் போடவில்லை. தூக்கம் வந்தது. தொப்பை இறங்கியது. ஒருநாள் பார்க்கிறேன், மணிக்கட்டில் கயிறு தொளதொளவென்று சுழல்கிறது. முழங்கை வரை ஏறுகிறது. எனக்கு உயிரே போனது.

"நஞ்சா! கயிறு லூசாயிடுச்சு! சாமி கைய வுட்டுடுச்சு!"

"சாமி கைய வுடலீங்க," என்றாள். "ஒங்க கை வீக்கம் வத்திடுச்சு."

மறுபடி டாக்டர். இந்தத் தடவை நஞ்சம்மாள் மாமியாரையும் கால்வலிக்குக் காட்டக் கூட்டிவந்திருந்தாள். முக்காட்டோடு பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வந்தார். எனக்கு நுனி மட்டும் தெரிந்தது.

"ஈரல் நல்லா எறங்கிடுச்சு," என்றார் டாக்டர். "எப்படி விட்டீங்க?"

"முனியப்பன் நிறுத்தினாருங்க."

"எங்க இருக்காரு? மத்தவங்களையும் அனுப்பலாமே."

மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டை டாக்டர் மேசைமேல் விட்டது அங்கே போனபிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். உள்ளே பச்சைத் திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

"கால் இழுக்கறது கொறஞ்சிருக்கேம்மா. என்ன பண்றீங்க?"

"நடக்கறனுங்க. அமாவாசை அமாவாசைக்குக் காட்டுவரைக்கும். கம்பளி போத்திக்கிட்டு, கம்பு ஊனிக்கிட்டு."

கிணற்றின் அடியிலிருந்து வந்தது குரல்.

"அப்புறம், அந்தக் குவாட்டரச் சொம்புல ஊத்திக் கொண்டாந்தா நஞ்சா கால்ல தேச்சு வுடறா. ஒரு மூடி உள்ளுக்கும் குடுப்பா."

"சாப்பாடு?"

"முட்டைங்க. இப்பெல்லாம் நல்லா வெந்துதான் வருது."

என் மயிர்க்கால் அத்தனையும் நின்றது. திரையோரம் நின்றிருந்த நஞ்சம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதீங்க. நீங்க கேட்டுட்டீங்கன்னு தெரிஞ்சா, ஒங்க ஆயுசு கொறஞ்சிடுச்சுன்னு அழுவாங்க."

"அன்னைக்குக் காட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே, அப்ப கொறையாதா?"

நஞ்சம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அன்னிக்கு அம்மா பேசலீங்க. மருமவன் முன்னால அவங்க எப்படிப் பேசுவாங்க? கம்பளியப் போத்துனா அது முனி."

அவள் சிரிக்கவில்லை.

சீட்டை எடுத்தேன். மருந்து வாங்கினேன். வருகிற அமாவாசைக்குக் குவார்ட்டர் வாங்க வேண்டும். புதுக் கம்பளியும் வாங்கச் சொல்கிறாள், பழையது முனிக்குக் குத்துகிறதாம். கயிற்றை நான் இன்னும் அறுக்கவில்லை. குடியை எங்கே போய் விட்டாய் என்று கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். புளியமரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் வீட்டுப் பின்கட்டு, கதவுக்குப் பின்னால், என் மாமியார் மாதம்மாள்.