பரமண்ணைக்கு விழுந்த ஒன்பது வாக்கு

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஆட்டை வேலணைக்குக் கொண்டுபோய் மிருக வைத்தியரிட்டக் காட்டவேணும்.

ரெண்டு நாளா அது ஒண்டும் தின்னேல்லை. பூவரசங்குழை, பலாவிலை எல்லாம் வைச்சுப் பாத்தாச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டுது. பன்னிரண்டு மணிக்கு முதல் போகவேணும், பிறகு டொக்டர் வெளியால போயிடுவார் எண்டு மனிசி சொல்லித்தான் விட்டவ. கந்தோருக்கு லீவும் போட்டாச்சு. ஒரு ஆட்டைக் கொண்டுபோறதில என்ன பிழைக்கப்போகுது?

நாரந்தனைச் சந்தியில நிண்டம். வந்த பஸ்ஸின்ர கொண்டக்டர் ஆட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், "ரைட்" எண்டார். பஸ் போயிட்டுது.

கொஞ்சத்தால ஒரு ஓட்டோ வந்து நிண்டுது. அதை ஓடிக்கொண்டு வந்தவர் பரமண்ணை.

பரமண்ணை முந்தி எங்கட பிரதேச சபைத் தவிசாளர். அப்ப கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனத்திலதான் போவார். எங்கட ஒழுங்கைக்கு ஒரு லைட் போடச்சொல்லி நான் மூண்டுதரம் போனனான். மூண்டுதரமும் போனைப் பாத்துக்கொண்டே, "கடிதத்தை வைச்சிட்டுப் போம்" எண்டவர். பிறகு எலெக்சனில தோத்தார். தோத்த நாளில இருந்து செத்தவீடுகளில கதிரை தூக்கிக்கொண்டு திரிஞ்சவர். இப்ப திரும்பவும் எலெக்சன் கேக்கிறார்.

"எங்கை போறியள்? ஏறுங்கோ" எண்டார்.

'போம், வாரும்' எண்டு கதைச்ச மனுசன். இப்ப எனக்கு மட்டுமில்லை, ஆட்டுக்கும் "ஏறுங்கோ" தான்.

ஏறினம். அதுதான் நான் விட்ட பிழை.

முந்தி அந்தாளை ஒரு வாசலில நிப்பாட்ட ஏலாது. இப்ப ஒரு வாசலில இருந்து கிளப்ப ஏலாது. வழியில வாக்குக் கேக்க இறங்கின முதல் வீட்டில ஒரு அக்கா, கிணத்துக்கை வாளி விழுந்திட்டுது எண்டு சும்மா கதையோட கதையாச் சொன்னா. பரமண்ணை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு போய், கயித்தில கொளுக்கி கட்டி, அரை மணித்தியாலம் துழாவி வாளியை எடுத்தார். அது அவவின்ர வாளி இல்லையாம். திரும்பவும் துழாவினார்.

அடுத்தது சரவணையில ஒரு எட்டுச்செலவு வீடு, ஆள் செத்து எட்டாம் நாள் சாப்பாடு. அங்கை இவர் சாப்பிடப் போகேல்லை, பரிமாறப் போனார். கடைசிப் பந்தி எழும்பினாப்பிறகுதான் வந்தார், கையெல்லாம் சாம்பாரோட.

நான் ஓட்டோவுக்கை ஆட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தன். சனம் என்ன நினைக்கும்? நான் அவரின்ர வலதுகை எண்டு நினைச்சிட்டுதுகள். ஒவ்வொருத்தரா வந்து தண்ணிக் குழாய், உடைஞ்ச மதகு, கட்டாக்காலி மாடு எண்டு சொல்லத் தொடங்கிட்டினம்.

முதல் ஆளுக்கு, நான் அவற்ற ஆள் இல்லை எண்டு சொன்னன். ரெண்டாவது ஆளுக்கு, சொல்லிப் பாக்கிறன் எண்டன். நாலாவது ஆளுக்கு "செய்வம், செய்வம்" எண்டு சொல்லேக்கை, சொல்ல வந்த ஆளின்ர முகத்தையே நான் பாக்கேல்லை எண்டது பிறகுதான் எனக்கு விளங்கினது. பரமண்ணைக்கு இந்த நிலைமைக்கு வர ஒரு முழுப் பதவிக்காலம் எடுத்தது. எனக்கு அரை மணித்தியாலம்.

இந்தப் புகழில மயங்கினதில ஆட்டை மறந்திட்டன். திரும்பிப் பாத்தா, சீற்றுக்குப் பின்னால கட்டி வைச்சிருந்த நோட்டீஸ் கட்டில பாதி இல்லை. ரெண்டு நாளா ஒண்டும் தின்னாத சீவன், பரமண்ணையின்ர முகத்தை நாடியில இருந்து மீசை வரைக்கும் மென்றுகொண்டு நிக்குது.

மிச்சத்தைப் பறிக்கப் போனன். பரமண்ணை எட்டிப் பாத்தார். "சாப்பிடுது தானே, விடுங்கோ. ஊருக்குள்ள நோட்டீஸை முழுசா எடுத்த முதல் ஆள் இதுதான்" எண்டார்.

வேலணைக்குப் போய்ச் சேரேக்கை நேரம் ஒண்டரை மணி. டொக்டர் இல்லை, கதவு பூட்டு. ஓட்டோவைத் திருப்பினம்.

மனுசன் மத்தியானம் சாப்பிடவுமில்லை, நோட்டீசும் போச்சு. பாவமாக் கிடந்தது. ஆறுதலா ஒரு சொல் சொல்லுவம் எண்டு, "போனமுறையும் நான் உங்களுக்குத்தான் அண்ணை போட்டனான்" எண்டன்.

ஓட்டோவை ஓரங்கட்டினார். சேட்டுப் பொக்கற்றில இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார்.

"போனமுறை உங்கட பள்ளிக்கூடத்து வாக்குப்பெட்டியில எனக்கு விழுந்தது ஒன்பது வாக்கு" எண்டார். "அந்த ஒன்பது பேரையும் கண்டுபிடிச்சு நன்றி சொல்லுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். இதுவரைக்கும் இருநூறு பேர் சொல்லிட்டினம். நீங்கள் இருநூற்றி ஓராவது."

எனக்குத் தலையை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. "போடேல்லை அண்ணை" எண்டன்.

"ஏன்?"

லைட் கதையைச் சொன்னன். மூண்டு கடிதத்தையும் சொன்னன்.

"நான் ஒண்டையும் வாசிக்கேல்லை" எண்டார். பிறகு, "இந்தமுறை?" எண்டு கேட்டார்.

"யோசிக்கிறன்" எண்டன்.

அந்தாளின்ர முகம் அப்பிடியே மலர்ந்துபோச்சு. "அது காணும், அதுவே போதும். மற்ற எல்லாரும் கட்டாயம் போடுறம் எண்டு சொல்லிட்டினம்" எண்டு சொல்லி, கொப்பியின்ர வெறும் பக்கமொண்டில முதல் பேரா என்ர பேரை எழுதினார்.

வீட்டை வந்து மனிசிக்கு எல்லாத்தையும் சொன்னன். குசினியில மீன் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தவ, தலையை நிமிர்த்தாமலே, "அந்த ஒன்பதில ஒண்டு நான்" எண்டா.

திகைச்சுப்போனன். அந்தாள் எங்களுக்கு என்ன செய்தவர், ஏன் போட்டனீர் எண்டு கேட்டன்.

"உங்களைப்போல ஆக்கள் ஒருத்தரும் போடமாட்டினம் எண்டு தெரியும். மனுசன் அழுதிடும் எண்டு போட்டனான்."

உடன ஓடிப்போய்ப் பரமண்ணையிட்டச் சொல்லுவம் எண்டு செருப்பையும் போட்டிட்டன். போட்டாப்பிறகுதான் யோசிச்சன், இருநூற்றி ரெண்டாவது ஆளெண்டு சிரிப்பார்.