நாக்குத்திறப்புச் சாமியும் நாலு முழப் பலகையும்

சாமியார் என்றால் சும்மா சாமியார் இல்லை. ஊமையைப் பேச வைக்கிற சாமியார். செவிட்டுக் காதைத் திறந்து விடுகிற சாமியார். வெள்ளிக்கிழமை தோறும் சங்ககிரிக் கோட்டையடிவாரத்துப் புளியந்தோப்பில் தரிசனம். தாயத்துக்குத் தனிக் காணிக்கை, திருநீற்றுக்குத் தனிக் காணிக்கை. கூட்டத்தில் மிதிபடுவது மட்டும் இலவசம்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குமாரபாளையத்திலிருந்து சங்ககிரிக்கு ஓடுகிற கரி பஸ்ஸில் நான்தானே கண்டக்டர்! யுத்தம் வந்து பெட்ரோலைக் குடித்துவிட்டது. வண்டியின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, இருமி இருமி ஓட்டிக்கொண்டிருந்தோம். மற்ற நாளில் பாதி வண்டி காலி. வெள்ளிக்கிழமை என்றால் கூரை மேலெல்லாம் ஆள். மேட்டில் வண்டி ஏறாமல் நின்றுவிடும். பக்தர்கள் இறங்கி, மூச்சைப் பிடித்துத் தள்ளுவார்கள். மறுபடி ஏறி உட்கார்ந்து, “சாமியார் சக்தியிலதான் வண்டி மேடேறுச்சு” என்பார்கள். தள்ளிய தோள் இவர்களுடையது, பேர் சாமியாருக்கு!

அந்த ஆசாமியை எனக்கு முன்பே தெரியும். திருச்செங்கோட்டுத் தேர்க் கூட்டத்தில் பல்பொடி விற்றவர்தான். இரண்டு வருஷம் கண்ணில் படவில்லை. அப்புறம் தாடி வந்தது, கூடவே சக்தியும் வந்துவிட்டது. பல்லிலிருந்து நாக்குக்கு மாறிக்கொண்டார், அவ்வளவுதான். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. “சாமியார் தோப்பு, சாமியார் தோப்பு” என்று கூவிக் கூவி ஆள் ஏற்றினேன். என்னையும் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் வண்டியில் கைலாசம் ஏறினார். குமாரபாளையத்து நெசவுக்காரர். கூட அவர் சம்சாரம் தெய்வநாயகி. மடியில் பவளம், ஆறு வயசு மகள், பிறந்ததிலிருந்து காது கேட்காது. காது கேட்காததால் பேச்சும் வரவில்லை. மற்றபடி அந்தக் குட்டி சரியான வாலு. நான் டிக்கெட் கிழிப்பதைப் பார்த்து, அம்மாவின் முந்தானையைக் கிழிப்பதுபோல் அபிநயம் பிடித்துக் காட்டினாள்.

“மூணாவது வாரமுங்க கண்டக்டர்” என்றார் கைலாசம். முகமெல்லாம் சந்தோஷம். “ரெண்டு வாரமா மேளச் சத்தம் காதுல உளுகுது. இன்னைக்கு நாக்குல பொன்னூசி வெச்சாச் சரியாப் போயிரும். பேச ஆரம்பிச்சிருவா.”

“டாக்டர்கிட்ட காட்டலீங்களா?”

“காட்டாமயா? நரம்பு பிறவியிலயே இல்லே, மருந்து கெடையாது, பாளையங்கோட்டையில இந்த மாதிரிக் கொழந்தைகளுக்குப் பள்ளிக்கோடம் இருக்குது, கொண்டுபோய்ச் சேர்த்துங்கன்னாரு. மருந்தில்லேன்னு சொல்றதுக்கா அத்தனை படிப்பு?”

பாருங்கள் கூத்தை! உள்ளதைச் சொன்ன டாக்டர் ஒன்றும் தெரியாதவர். பல்பொடிக்காரர் தெய்வம். தெய்வநாயகி மட்டும் மகளை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்ககிரியில் இறங்கினோம். டிரைவர் அடுப்புச் சாம்பலைத் தட்டி எடுக்க அரை மணியாவது ஆகும். என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று நானும் அவர்களோடு தோப்புக்குப் போனேன்.

அடேயப்பா, ஒரு முந்நூறு பேர்! நடுவில் இரண்டு கல்லைப் போட்டு, அதன்மேல் நாலு முழ நீளத்துக்கு ஒரு பலகை. பலகையின் ஒரு முனையில் குழந்தையைக் கூட்டத்தைப் பார்த்து உட்கார வைப்பார்கள். மறு முனையில், குழந்தையின் முதுகுக்குப் பின்னால், சின்னான் என்கிற கையாள் பெரிய பம்பையைப் பலகை மேலேயே சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பான். சாமியார் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, கையைத் தூக்குவார். சின்னான் பம்பையில் ஓங்கி ஓர் அடி! குழந்தை சட்டென்று திரும்பிப் பார்க்கும்.

“கேட்டுருச்சு! கேட்டுருச்சு!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பெற்றவர்கள் அழுவார்கள். அந்த அழுகை பொய்யில்லை ஐயா.

“ஏன் சாமி, ஊட்டுக்குப் போனா மறுக்கா கேக்க மாட்டேங்குதே?” என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயார். “தோப்பைத் தாண்டுனதும் பேய் திரும்ப வந்து காதை அடைச்சுக்குது. நாக்குல குந்தியிருக்கற பேயைச் சுட்டுத் தொரத்தோணும்.” அதற்குத்தான் பொன்னூசி. மூன்றாவது வாரம் ஊசியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி நாக்கில் மூன்று பொட்டு.

போன வாரம் பொட்டு வைக்கப்பட்ட ஒரு பையனும் அங்கே இருந்தான். நாமக்கல் பக்கத்துக் குடியானவப் பொம்பளை செல்லாயியின் மகன். வாய் மூட முடியாமல் நாக்கு வீங்கி, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“கஞ்சித்தண்ணி கூட எறங்க மாட்டேங்குதுங்க சாமி. ராவும் பகலும் அழுவறான்” என்று செல்லாயி கும்பிட்டாள்.

“அழுவுதா? அழுவுற சத்தம் வந்துருச்சல்ல? பேய் வெளிய வார வழி அது. பொறுத்துக்கோணும் தாயி” என்றார் சாமியார்.

எப்படி இருக்கிறது! சூடு வைத்தால் பூனைகூடத்தான் கத்தும்.

அந்தப் பையனின் வாயைப் பார்த்ததும் தெய்வநாயகி, “வேணாமுங்க, போயிரலாமுங்க” என்று புருஷனின் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

“ஏம் புள்ள, காது கேட்டதை உங்கண்ணாலயே பாத்தயல்ல?”

அதற்குள் பவளத்தைப் பலகையில் உட்கார்த்திவிட்டார்கள். பம்பையில் அடி விழுந்தது. பவளம் திரும்பினாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியார் தணலிலிருந்து ஊசியை எடுத்தார். நுனி செக்கச் சிவந்திருந்தது.

“கொஞ்சம் நில்லுங்க!” என்று கத்திக்கொண்டு தெய்வநாயகி உள்ளே ஓடினாள். மகளை இடுப்போடு தூக்கி, பலகைக்கு ஒரு முழம் தள்ளி, மணலில் உட்கார வைத்தாள். “இப்ப அடிங்க.”

சின்னான் சாமியாரைப் பார்த்தான். சாமியார் சின்னானைப் பார்த்தார்.

“அடிப்பா, ஏன் பாக்கறே? பேய் ஒண்ணும் உன்னைப் புடிச்சுக்காது” என்று நான் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தேன். வேறு வழியில்லாமல் அடித்தான். புளியமரத்துக் காக்காய்கள் எல்லாம் பறந்தன. பவளம் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு அடி. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள்.

“மேளத்தைக் கீழ வெச்சுருங்க” என்றாள் தெய்வநாயகி. மகளைத் தூக்கி மறுபடி பலகையில் உட்கார வைத்தாள். பின்னால் போய், மறு முனையில் குதிகாலால் லேசாக ஒரு தட்டு. மேளமும் இல்லை, மந்திரமும் இல்லை. பவளம் திரும்பி, அம்மாவைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள்.

“ஏனுங்க, நம்மூட்டுல இவளை எப்படிக் கூப்படறோம்?” என்று புருஷனைக் கேட்டாள் தெய்வநாயகி.

“தரையில மிதிச்சு” என்றார் கைலாசம்.

“தறி நின்னா, தறிக்குழிப் பக்கத்துல தூங்கறவ எப்படி முழிக்கறா?”

“அதிர்வு நின்னதும் முழிச்சுக்கறா.”

“அதைத்தானுங்க இந்தாளு பலகை போட்டுக் காட்டறான். அதுக்கா எம்பட புள்ள நாக்கைச் சுடறது?”

பாவம் கைலாசம். தினமும் பத்துத் தடவை தரையை மிதித்து மகளைக் கூப்பிடுகிற மனிதர்! தன் வீட்டுத் தரையில் நடப்பதை அடுத்தவன் பலகையில் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாமியார் லேசுப்பட்டவரா? “பொம்பளை காலு பட்டுருச்சு! பலகை தீட்டாப் போச்சு! அதான் சக்தி போயிருச்சு!” என்று குதித்தார்.

“அந்தக் காலு பட்டப்பத்தானுங்க சாமி புள்ளை திரும்புச்சு! அப்ப சக்தி அந்தக் காலுலயா இருக்குது?” என்றேன் நான். கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சாமியார்களுக்குச் சாபம்கூடப் பரவாயில்லை, சிரிப்புத்தான் ஆகாது. பெற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையை மணலில் உட்கார வைத்து, “அடிடா சின்னா” என்றார்கள். ஒரு தலை திரும்பவில்லை.

அப்போதுதான் செல்லாயி எழுந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. சாமியார் கையிலிருந்து ஊசியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“எம்பையன் நாக்குல பேயே இல்லீங்க, சாமி. இருந்தா ஒரு பொய்யாவது சொல்லியிருப்பான். உங்க நாக்குலதான் இத்தனை பொய் வந்துது. எங்கே, நீட்டுங்க. மூணே மூணு பொட்டு.”

முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊமையைப் பேச வைக்கிற சாமியார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் பொத்தியும் கொண்டார். அப்புறம் திருநீற்றுத் தட்டு ஒரு பக்கம், பாதக்குறடு ஒரு பக்கமாக விட்டுவிட்டுக் கோட்டைப் பாதையில் ஓடினார் பாருங்கள், அந்த வேகம் என் பஸ்ஸுக்குக் கிடையாது.

செல்லாயி ஊசியைக் கீழே போட்டுவிட்டு மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள். “உன்னைப் புடிச்சுக் குடுத்தவ நாந்தானே கண்ணு, நாந்தானே புடிச்சுக் குடுத்தேன்.” பையனை நானே தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்று பஸ் ஒரு மணி நேரம் தாமதம். முதலாளி திட்டினார், திட்டட்டும்.

திரும்பும்போது பாதி வழியில் கைலாசம், “கண்டக்டர், பாளையங்கோட்டைக்கு ரயில் எங்க ஏறோணுமுங்க?” என்று கேட்டார். சொன்னேன். பவளம் அம்மா மடியில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து நாக்கை முழுசாக வெளியே நீட்டிப் பழிப்புக் காட்டினாள். சூடு படாத, ரோஜா நிறத்து நாக்கு. பார்க்கப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை.

பின் ஸீட்டிலிருந்து ஒருவர், தோப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவர்தான், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏனுங்க கண்டக்டர், அயோத்தியாப்பட்டணத்துல ஒரு சாமியார் மொடத்தை நடக்க வெக்கறாராமா. அங்க போக பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

“எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். காலு நொண்டினா கட்டை வெச்சுக்கலாம், காது கேக்காட்டிப் பள்ளிக்கோடம் இருக்குது. புத்தி இருந்தும் யோசிக்காதவங்களுக்குத்தான் இன்னும் ஆஸ்பத்திரி கட்டலை. நீங்களாப் பாத்து யோசிச்சாத்தான் உண்டு!”