மூணெழுத்து டோபியும் என் வெள்ளைச் சட்டையும்

காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தவர்களுக்குப் பயப்படாத ஆட்கள் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்குப் பயப்படாதவர்கள்கூட இருந்தார்கள். மூணெழுத்து டோபிக்குப் பயப்படாதவர் என்று ஒருவரும் இல்லை.

எந்த டோபியும் துணி மாறிவிடாமலிருக்கக் காலருக்குள் ஒரு குறி போடுவார். இவர் ஆளுக்கு மூன்று ஆங்கில எழுத்து போடுவார். துணி வாங்கப் போனால், அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கில வார்த்தையை அவருடைய நோட்டில் எழுதி, அர்த்தமும் சொல்ல வேண்டும். ஒருமுறை எழுதியதை மறுபடி எழுதக்கூடாது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தீக்குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, காலரில் இருக்கும் உருவத்தோடு ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் துணி.

"ஏண்ணே இந்தக் கொடுமை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"துரைமாரு கப்பல் ஏறப் போறாங்க தம்பி. போறப்போ வார்த்தையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டா? அதுக்குள்ள நாம எடுத்து வச்சுக்கணும்லா."

ஒரு போலீஸ் சார்ஜன்ட் அவர் கடை வாசலில் பனியனோடு ஒன்றரை மணி நேரம் யோசித்ததை நானே பார்த்தேன்.

"சுட்டுருவேன்யா!"

"சுடுங்க. அப்புறம் உங்க சட்டை எதுன்னு யாரு எடுத்துக் குடுப்பா?"

சார்ஜன்ட் மறுபடி யோசிக்கத் தொடங்கினார்.

என் எழுத்து கியூ, சி, கே. முதல் வாரம் 'குவிக்' எழுதித் தப்பித்தேன். அடுத்த வாரம் 'குவாக்'. மூன்றாம் வாரம் 'குவிக்லி' என்று எழுதினேன். தீக்குச்சி பாதியிலேயே நின்றது. "இது பழைய வார்த்தை தம்பி. வால் முளைச்சிருக்கு." அதோடு என் கையிருப்பு முடிந்தது. என் ஒரே வெள்ளைச் சட்டை அவருடைய அலமாரியில் தங்கிவிட்டது.

அந்த வாரம்தான், மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், பண்டார் ஹிலிர் கவர்மென்ட் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்கு எனக்கு இன்டர்வியூ வந்தது. அப்பா ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். காலை ஒன்பது மணிக்குத் துரை முன்னால் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு டோபி முன்னால் நின்றேன். கால் நடுங்கியது.

"அவன் வாழ்க்கைப்பா இது, சட்டையக் குடுத்துரு," என்று கூட வந்த அப்பா கெஞ்சினார்.

"படிச்ச பிள்ளைண்ணே. என்கிட்டயே நடுங்குனா துரைகிட்ட என்ன செய்வான்?"

எட்டேகால் ஆயிற்று. கை தானாக எழுதியது: 'குவோலாக்.' அப்படி ஒரு வார்த்தை உலகத்தில் கிடையாது. தீக்குச்சி நகர்ந்தது. கியூ இருந்தது. சி இருந்தது. கே இருந்தது.

"அர்த்தம்?"

"ஒரு... பறவைண்ணே. ஆஸ்திரேலியாவுல."

"பறக்குமா?"

"கொஞ்ச தூரம்."

"பாவம்," என்று சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

துரை என்ன கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. அந்தப் பறவையைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். வேலை கிடைத்தது. பயம் போகவில்லை. அந்த நோட்டை எங்கள் தெரு வாத்தியார் பார்த்தால்? எட்டு நாள் டோபி கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக வேலைக்குப் போனேன். ஒன்பதாம் நாள் போட்டுக்கொள்ளத் துவைத்த துணியில்லை. அழுக்கு மூட்டையோடு டோபி கடைக்குப் போனேன்.

வாத்தியார் கடை வாசலில் அழுக்குச் சட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டோபி கூப்பிட்டார்.

"வா தம்பி! இவரு குவோலாக்குன்னு ஒரு பறவையே இல்லைங்கறாரு. மூணு நாளா துணி குடுக்கல நான்."

"டேய், நீயே சொல்லுடா!" என்றார் வாத்தியார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டோபி முந்திக்கொண்டார்: "அவன்கிட்ட என்ன கேள்வி? கவர்மென்ட்டே அவன நம்பி வேலை குடுத்திருக்கு. உங்களுக்குத் தெரியலன்னா வார்த்தை இல்லாமப் போயிடுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாத்தியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "இருக்கும்ப்பா. சின்னப் பறவையா இருக்கும்," என்றார். துணி கிடைத்தது.

எங்கள் ஆபீஸுக்கு எப்போது புது அகராதி வந்தாலும், யாரும் பார்க்காத நேரத்தில் கியூ பக்கத்தைப் புரட்டுகிறேன். இந்தத் தடவையாவது சேர்த்திருக்க மாட்டார்களா என்று.