பெட்டிக்குள் சறுக்கிய புத்தகம்

சாயங்காலம் பையன் வீட்டார் வருகிறார்கள் என்று கூடத்துச் சுவரிலிருந்து காமிக்ஸ் பெட்டியை இறக்கித் துடைத்தபோதுதான், உள்ளே புத்தகம் சறுக்கி ஒரு மூலையில் சாய்ந்து நிற்பதை லிஃப்ட் மெக்கானிக் கவனித்தார்.

பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை. கண்ணாடி போலத் தெளிவான கெட்டி பிளாஸ்டிக். ஓரமெல்லாம் உருக்கி ஒட்டியது. பழைய காமிக்ஸை அதற்கென்று இருக்கிற நிபுணர்களுக்கு அனுப்பினால், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, இப்படி ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். அதன் பிறகு யாரும் தொட முடியாது. படிக்கவும் முடியாது. பெட்டி திறந்தால் மதிப்பெண் செல்லாது. மெக்கானிக்கிடம் இருந்தது கடலுக்கடியில் துப்பறியும் ஒரு வீரனின் முதல் இதழ். அது ஒன்பதரை வாங்கியிருந்தது. அவர் படித்த காலத்தில் எந்தப் பாடத்திலும் அந்த விகிதத்தில் வாங்கியதில்லை.

இன்றைக்கு அந்தப் புத்தகத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தார். மகளும் அவள் ஆபீஸில் வேலை பார்க்கும் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அவர் கணக்குத் தணிக்கை அதிகாரி. மூன்று மாதமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாராம். ஆனால் பெண் வீட்டில் பெட்டி போட்ட காமிக்ஸ் ஒன்று இருக்கிறது என்று பையன் பேச்சுவாக்கில் சொன்னதும் தலையை நிமிர்த்தி, "அதை நான் பார்க்கணும்" என்றாராம். மகள் வந்து இதைச் சொன்னதிலிருந்து மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது பார்த்தால் இப்படி.

இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிய லிஃப்ட் போலத்தான் அது அவருக்குத் தெரிந்தது. தொழில் பழக்கத்தில், பெட்டியின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். புத்தகம் சமர்த்தாக மேலே எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே திரும்பி வந்து கீழே மோதியது. அட்டையின் முனை நாய்க்குட்டியின் காது மாதிரி மடங்கிக்கொண்டது.

நர்ஸாக வேலை பார்க்கும் அவர் மனைவி, வார்டில் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே மாட்டிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். தணிக்கை அதிகாரிக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்டுவிட்டு, அவர் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, முனை நிமிர்வதற்காகத் தன் டூல் பாக்ஸைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தார். காது நிமிரவில்லை. அதற்குப் பதிலாக, துப்பறியும் வீரனின் முகத்தின் மேல் வானவில் நிறத்தில் வளையம் வளையமாக ஏதோ படர்ந்திருந்தது. தண்ணீரில் எண்ணெய் மிதக்குமே, அதே மாதிரி.

"உள்ளே ஈரம் இறங்கிடுச்சு" என்றார்.

"பேஷண்ட் நல்லாத்தான் இருந்தார். டாக்டர்தான் விடமாட்டேங்கறார்" என்றாள் மனைவி.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரத்துக்கு மருந்து சூடு. மகளின் ஹேர் டிரையரை எடுத்து வந்து பெட்டியின் பின்பக்கம் காட்டினார். வளையம் லேசாக நகர்ந்தது போலிருந்தது. உற்சாகத்தில் சூட்டைக் கூட்டினார். பிளாஸ்டிக் மெல்ல முதுகு வளைத்தது. ஒட்டியிருந்த ஓரம் ஒன்று 'டிக்' என்று விட்டுக்கொடுத்து, வாயைப் பிளந்தது.

ஒன்பதரை அந்த நொடியோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்: காமிக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அது ஈரமே இல்லை. உள்ளே இருக்கும் மெல்லிய உறை வெளிப் பெட்டியோடு ஒட்டி அழுந்தினால் வெளிச்சம் பட்டு அப்படி வானவில் தெரியும். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. சூடு மட்டும் காட்டிவிடாதீர்கள் என்று அவர் சொல்லி முடிக்கும்போது வாசலில் மணி அடித்தது.

தணிக்கை அதிகாரி உயரமாக, இறுக்கமாக இருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"எங்கே இருக்கு?" என்றார்.

ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் மெக்கானிக் வாயெடுத்தார். எதிரே மகள் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. உள்ளே போய், வளைந்த பெட்டியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தட்டினது மேலேருந்தா, கீழேருந்தா?"

"கீழேருந்து."

"வெயிட்டு?"

"டூல் பாக்ஸ்."

"சூடு அட்டைப்படத்துப் பக்கம் காட்டலையே?"

"இல்லைங்க. பின்பக்கம்தான்."

அதிகாரி நீளமாக மூச்சு விட்டார். பிளந்த ஓரத்துக்குள் இரண்டு விரலை விட்டு, புத்தகத்தை மெதுவாக வெளியே உருவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு, பல வருடமாக யாரும் திறக்காத முதல் பக்கத்தைத் திறந்தார்.

நாலைந்து பக்கம் போயிருக்கும். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மெக்கானிக் பதறி எழுந்தார். அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கே பாருங்க. ஆக்டோபஸைப் பார்த்துக் கையைத் தூக்குங்கறான். அது எட்டையும் தூக்குது. துப்பாக்கியும் அதுகிட்ட போயிடுச்சு."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். உள்ளே என்ன கதை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தைச் சீக்கிரம் திருப்பாதீர்கள் என்று ஒருவரும், நீங்கள் மெதுவாகப் படிக்கிறீர்கள் என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டு படித்தார்கள். சுறாமீன் கோர்ட்டில் சாட்சி சொல்லும் இடத்தில், தலையைத் தூக்காமலே அதிகாரி, கல்யாணத்தை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

காபியைச் சூடு பண்ணும் சாக்கில் மெக்கானிக் சமையலறைக்கு நழுவினார். அங்கே அவர் மனைவியோடு பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றல்லவா பயந்தேன், எப்படி இவ்வளவு பெரிய மனசு என்று அவளிடம் கேட்டார்.

அவள் கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு மாசமா அவர் வாயே திறக்காததுக்குக் காரணம் உங்க பொண்ணு இல்லை, சம்பந்தி. நீங்க ஹேர் டிரையரோட நிறுத்திட்டீங்க. இவர் தன்னோட காமிக்ஸ் பெட்டி மேல இஸ்திரிப் பெட்டியையே வச்சுட்டார்."