ராவ் சாகிபின் அடிப்பூச்சு

மயிலாப்பூர் மகாஜனங்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ராவ் சாகிப் சப்தரிஷி ஐயரவர்களின் ஆறங்குல மண்ணுருவத்துக்கு எந்த நிறத்தில் அடிப்பூச்சுக் கொடுப்பது என்னும் மகத்தான பிரச்னை இன்னும் முடிவாகவில்லை. அவருடைய கல்லீரல் மட்டும் தன் முடிவை எடுத்துவிட்டது. டாக்டர் ஒரு மாசம் கெடு வைத்திருந்தார். அந்தச் சங்கதி ஐயரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஐயர் கல்வி போர்டில் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் தமக்குச் சிலை வைப்பார்கள் என்று நாலு வருஷம் காத்திருந்து பார்த்தார். ஊரார் அசையவில்லை. ஆகவே தாமே ஆறங்குலத்துக்கு முன்வந்தார். போர்டு ஆபீஸ் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது எழுந்தருள்வதாக ஏற்பாடு.

பொம்மைக்காரன் தணிகாசலத்துக்கு நவராத்திரிக்கு முந்திய மூன்று மாசம் அடுப்பு எரியும். மீதி ஒன்பது மாசம் புகையும். அவன் கூலி கேட்கவில்லை. போர்டுப் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார் வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டான். எழுதிய கடிதம் ஐயரின் தலையணைக்கடியில் தயாராக இருந்தது. கையெழுத்துத்தான் பாக்கி.

"மூஞ்சி அசல் என் மூஞ்சியா இருக்கணும். இருந்தா கையெழுத்து. சர்வீஸ்ல நான் ஒரு பொய் ரிக்கார்டு வெச்சவன் இல்லேடா, தெரியுமோ?" என்றார் ஐயர்.

தணிகாசலத்தின் வர்ணம் நீர்த்த வர்ணம், கண்ணாடி மாதிரி. அடியில் இருப்பதைத்தான் மேலே காட்டும். பெரிய மனிதர்கள் பூசிக்கொள்வது வேறு ரகம்.

முதலில் வெள்ளை அடிப்பூச்சு. அதைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தவனை ஐயரின் மனைவி சுப்புலக்ஷ்மி அம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னப்பா இது, நாத்தம் குடலைப் பிடுங்கறது?"

"வஜ்ஜிரம்மா. மாட்டுத் தோலைக் காய்ச்சின பசை. அதுல சீமைச் சுண்ணாம்பைக் கொழைச்சு..."

"சிவ சிவா! அதையா எங்காத்துக்காரர் மூஞ்சியிலே பூசப்போறே?"

வஜ்ஜிரம் சாக்கடைக்குப் போயிற்று. புளியங்கொட்டைப் பசை வந்தது. ஆசாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் வஜ்ஜிரம் ஒரு பகலில் காயும். ஐப்பசி அடைமழையில் புளியங்கொட்டை நாலு நாள் எடுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் ஐயர் பொம்மையை ஒரு கையிலும் முகக்கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்துப் பார்த்தார்.

"யாருடா இவன்? ஜில்லா கலெக்டரா?"

"சாமி, வெள்ளை அடில வச்சாதான் களை வரும்..."

"எனக்கு இப்போ ஒரு தேஜஸ் வந்திருக்கு. தங்கமாட்டம் ஜொலிக்கறேன்னு ஆத்துலே எல்லாரும் சொல்றா. அது எங்கே?"

கதவுக்குப் பின்னால் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காமாலை என்று யார் வாய் திறந்து சொல்வது?

தணிகாசலம் மஞ்சள் மண்ணைக் குழைத்தான். பழைய பூச்சைச் சுரண்டினால் மூக்கு உதிர்ந்துவிடும். ஆகவே அதன் மேலேயே பூசினான். நாலு நாள் காய்ந்தது. அதற்குள் ஐயர் பச்சையாகியிருந்தார்.

"இது போன வாரத்துத் தேஜஸ்டா!" என்று பொம்மையைத் திருப்பித் தந்தார்.

மஞ்சள் மண்ணில் துளி அவுரி நீலம் சேர்த்து மூன்றாவது பூச்சு. பச்சை வந்தது, காய்ந்தது. ஐயரிடம் பச்சை போய்விட்டிருந்தது.

அன்று தணிகாசலத்தின் பெண்டாட்டி தேவானை கஞ்சித் தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"இன்னாய்யா, நீ பொம்மைக்குப் பூசறியா, எமனோட ரேஸ் வுடறியா?"

"நாலு நாளு அந்தாளு ஒரே கலர்ல இருந்தா போதும்டி."

"இருக்கமாட்டாரு. நீதான் மின்னாடி ஓடணும்."

தணிகாசலத்துக்குப் புத்தி தெளிந்தது. நேரே டாக்டரின் கம்பவுண்டர் ஷரஃபுதீனிடம் போனான்.

"பாய், வர்ற வெள்ளிக்கிழமை ஐயரு இன்னா கலர்ல இருப்பாரு?"

ஷரஃபுதீன் மாத்திரை உருட்டுவதை நிறுத்தாமல் யோசித்தார்.

"இருந்தாருன்னா, சாம்பல்."

நாலாவது அடிப்பூச்சு சாம்பல். மேலே வர்ணம் ஓடியதும் நிறம் வாய்த்தது. முகம்தான் காணாமல் போயிருந்தது. நாலு பூச்சுக்கு அடியில் மூக்கு முழுகிவிட்டது, மீசை முழுகிவிட்டது, கன்னமும் மோவாயும் ஒன்றாகி, வெந்த கொழுக்கட்டைக்கு அங்கவஸ்திரம் போர்த்தியது போல ராவ் சாகிப் உட்கார்ந்திருந்தார். புதிதாகச் செய்ய மண் இருந்தது, நாள் இல்லை. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் பொம்மையோடு போய் நின்றான்.

ஐயரை நாலு தலையணை வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். முகத்தில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நிறம், சாம்பல்.

கண்ணாடியைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி.

"இப்பத்தான்டா நான்!" என்றார்.

பேனாவை அம்மாள் மையில் தொட்டுக் கொடுத்தாள். மூன்று அங்குல நீளத்துக்கு, பழைய கம்பீரத்தோடு, கையெழுத்து விழுந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ராவ் சாகிப் காலமானார்.

தணிகாசலம் தெருக்கோடி வரை பாடையோடு கூடப் போனான். அழுகை நிஜமாகவே வந்தது. மடியில் கடிதம் பத்திரமாக இருந்தது.

போர்டு ஆபீஸ் மூன்று நாள் துக்கம் கொண்டாடிவிட்டுத் திறந்தது. கூடத்தில் இரங்கற் கூட்டம். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் "தத்ரூபம்!" என்றார்கள், கடைசி நாளில் போய்ப் பார்க்காதவர்கள் இன்னும் உரக்கச் சொன்னார்கள். கூட்டம் கலைந்ததும் தணிகாசலம், வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக, வாசல் சேவகன் மிக்கேலிடம் கடிதத்தை நீட்டினான்.

"இன்னா விசயம், நைனா?"

"சித்திர வாத்தியார் வேலை. ராவ் சாகிப் சிபாரிசு. பெரியவருகிட்ட குடுக்கணும்."

மிக்கேல் கடிதத்தைப் பிரித்துக் கையெழுத்தை மட்டும் பார்த்தான். பிறகு மடித்து அவன் கையிலேயே வைத்தான்.

"அந்த வேலையே இப்ப இல்ல, நைனா. சிக்கனம்னு சொல்லி ஆறு வருசத்துக்கு மின்னாடியே எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? யாரு?"

"கீழ கையெழுத்துப் போட்டுக்கீறாரே, அவருதான்."